எக்கோ கிளி: மூன்று பெட்டைகள் மிஞ்சிய ஓர் இனம் காட்டுக்குத் திரும்பிய விதம்

அருகிப்போன பறவையைக் கூண்டில் பெருக்கிக் காப்பாற்றுவது என்றதும் பலர் மனதில் ஒரே படம்தான் எழும். பெரிய கூண்டு, உள்ளே சில ஜோடிகள், முட்டை, குஞ்சு, கடைசியில் ஒரு நாள் கதவைத் திறந்துவிடுவது. மொரீசியஸ் தீவின் எக்கோ கிளிக்கு அப்படி நடக்கவில்லை. அங்கே கூண்டில் நடந்த வேலையும் காட்டு மரப் பொந்துகளில் நடந்த வேலையும் ஆரம்பம் முதலே ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. அந்தப் பிணைப்பால்தான் இனம் பிழைத்தது. பின்னால் வந்த பெரிய ஆபத்துக்கு வழியாக அமைந்ததும் அதே பிணைப்புதான். பறவைப் பாதுகாப்பில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். இதில் உழைத்தவர்களின் பெயர்களைத் தவிர்த்துவிட்டேன். இங்கே பார்க்க வேண்டியது அவர்கள் எடுத்த முடிவுகளை.

பின்னணி

மொரீசியஸ் என்றால் பறக்கத் தெரியாத டோடோ பறவை நினைவுக்கு வரும். 1598-ல் டச்சுக்காரர்கள் தீவில் இறங்கினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் டோடோ இல்லாமல் போனது. அதே காலத்திலும் அதற்குப் பிறகும் அந்தத் தீவுக் கூட்டத்தின் கிளிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மொரீசியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் ஆகிய மூன்று தீவுகளிலும் தனித்தனிக் கிளிகள் இருந்தன. இன்று உயிரோடு மிஞ்சியிருப்பது எக்கோ கிளி ஒன்றுதான். ரீயூனியனில் இருந்த அதன் கூட்டமும் 18-ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது.

எக்கோ கிளியைப் பார்த்தால் நமக்குப் புதிதாகத் தோன்றாது. நம் தோப்புகளிலும் கோவில் கோபுரங்களிலும் கத்திக்கொண்டு திரியும் பச்சைக்கிளிக்கு அது நெருங்கிய உறவு. உடல் சற்றுப் பருமன், பச்சை இன்னும் அடர்த்தி, வால் கொஞ்சம் குட்டை. ஆணின் மேல் அலகு சிவப்பு. வளர்ந்த பெட்டையின் அலகு கறுப்பு. இந்த அலகு வித்தியாசம் பின்னால் மிகவும் உதவியது. எத்தனை பெட்டைகள் மிச்சம் என்பதை, பறவையைப் பிடிக்காமலே தொலைநோக்கியால் எண்ண முடிந்தது.

நம் பச்சைக்கிளியும் அந்தத் தீவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூண்டிலிருந்து தப்பியவை அங்கே பெருகிவிட்டன. அவை வயலிலும் தோட்டத்திலும் வாழத் தெரிந்தவை. எக்கோ கிளிக்கு அது முடியாது. பூர்விக மரங்களின் பழம், பூ, இலை, மரப்பட்டை என்று தின்று, வயதான பெரிய மரங்களின் பொந்துகளில் கூடு வைக்கும் பறவை அது. அந்த மரங்கள் போனால் அதுவும் போகும்.

மரங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. கரும்புக்காகவும் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில், எக்கோ கிளிகள் இரை தேடிய மேட்டு நிலக் குள்ளக் காட்டில் பெரும்பகுதி மரத்தோட்டத்துக்காக அழிக்கப்பட்டது. 1975-ல் ஜெர்வேஸ் புயல் வந்து மிச்சமிருந்த காட்டையும் உலுக்கியது. இன்றைக்குத் தீவில் தரமான பூர்விகக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மிச்சத்திலும் சீனக் கொய்யா என்ற வெளிநாட்டுச் செடி அடர்ந்து மண்டி, பூர்விக மரங்களின் கன்றுகளை எழவிடாமல் செய்கிறது.

1980-களின் நடுவில் கணக்கெடுத்தபோது, காட்டில் இருந்தவை 8 முதல் 12 கிளிகள்தான். அவற்றில் பெட்டைகள் மூன்று. உலகிலேயே மிக அரிய கிளி என்று அப்போது இதைச் சொன்னார்கள்.

முதல் முயற்சிகள்

1970-களிலேயே சில கிளிகளைப் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கிளிகள் ஜோடி விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். ஓர் ஆணையும் ஒரு பெட்டையையும் ஒரே கூண்டில் விட்டால் அவை இணை சேரும் என்று எந்த உறுதியும் இல்லை. பத்துப் பறவைகள் மட்டுமே இருக்கும் இனத்தில் வேறு துணை தேடிக் கொடுக்கவும் வழியில்லை.

அதே தீவில் மொரீசியஸ் வல்லூறுக்கும் இதே கதிதான். 1974-ல் காட்டில் நான்கே நான்கு இருந்தன. அந்தத் திட்டம் தேறாது, மூடிவிடலாம் என்ற முடிவோடு 1979-ல் ஓர் இளம் உயிரியலாளரை அங்கே அனுப்பினார்கள். அவர் மூடவில்லை. வல்லூறு இட்ட முதல் முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்க வைத்தார். முட்டையை இழந்த தாய் மறுபடியும் முட்டையிட்டது. ஒரு பருவத்தில் இரண்டு ஈடு கிடைத்தது. வல்லூறு மீண்டது. எக்கோ கிளிக்கான வேலையை அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் அதே குழு எடுத்துக்கொண்டது. 1984-ல் உருவான மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை, தீவின் அரசு, ஜெர்சி தீவின் டரல் அறக்கட்டளை, 1989-ல் தொடங்கிய உலகக் கிளி அறக்கட்டளை எல்லாம் இதில் கைகோத்தன. பிளாக் ரிவர் பகுதியில் இருந்த பறவைக் காப்பிடமே வேலையின் மையம்.

வல்லூறு முறையை அப்படியே கிளிக்குப் போட்டிருந்தால் தோற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கிளிக்கு எங்கே இழப்பு நேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பொந்துக்குள் கண்டது

இந்தக் கதையின் மையம் இதுதான், இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

எக்கோ கிளியின் கூடு தரையிலிருந்து வெகு உயரத்தில், முதிய மரத்தின் பொந்தில் இருக்கும். கயிறு போட்டு ஏறித்தான் உள்ளே பார்க்க முடியும். பருவம் செப்டம்பர் வாக்கில் தொடங்கும். இரண்டு முதல் நான்கு முட்டைகள். மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமாக அடைகாத்தல். பிறகு குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம். இந்தக் காலம் முழுக்க, திரும்பத் திரும்ப ஏறிப் பார்த்தவர்கள் கண்டது ஒரு நீளமான சாவுப் பட்டியல்.

எலி முட்டையைத் தின்றது. குரங்கு பொந்துக்குள் கைவிட்டு முட்டையையும் குஞ்சையும் எடுத்தது. குரங்கும் மனிதர் கொண்டுவந்து விட்டதுதான்; தீவின் சொந்த விலங்கு இல்லை. மழை பெய்தால் சில பொந்துகளில் தண்ணீர் தேங்கியது. மைனாவும் பச்சைக்கிளியும் வெப்பமண்டலக் கடற்பறவையும் பொந்துக்குப் போட்டி போட்டன. ஒரு வகை ஈ கூட்டில் முட்டையிட்டது. அதன் புழுக்கள் இரவில் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சின. நல்ல உடம்போடு இருந்த குஞ்சுகூட அந்தப் புழுக்களால் சில நாளில் செத்தது.

இவை எல்லாம் வெளியிலிருந்து வந்த எதிரிகள். கூட்டுக்குள்ளேயே நடந்த இன்னொன்று இருந்தது. என் பார்வையில் முழுத் திட்டத்தையும் திருப்பியது அதுதான். மூன்று முட்டை பொரித்தாலும், கூட்டை விட்டுப் பறப்பது பெரும்பாலும் ஒரே குஞ்சு. முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. முதலில் வந்த குஞ்சு இரண்டு மூன்று நாள் மூத்தது, கழுத்தை நீட்டி முந்திக்கொள்ளும். கடைசியாக வந்தது இரை எட்டாமல் மெலியும். காட்டில் உணவு குறைவு. பெற்றோர் கொண்டுவருவது ஒரு குஞ்சுக்குத்தான் காணும். பொரித்த சில நாளிலேயே இளைய குஞ்சு செத்துவிடும்.

எந்த எதிரியும் வராத, எல்லாம் சரியாக நடந்த கூட்டிலும் இதே இழப்பு. ஆண்டுதோறும், கூட்டுக்குக் கூடு, எப்படியும் சாகப்போகும் ஒன்றிரண்டு குஞ்சுகள் இருந்தன.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

அந்த நிலையில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, மிஞ்சிய எல்லாக் கிளிகளையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்குவது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா காண்டார் கழுகுக்கு 1987-ல் அப்படித்தான் செய்தார்கள். கடைசிக் காட்டுப் பறவையையும் பிடித்தார்கள். இரண்டாவது, பறவையைத் தொடாமல் காட்டை மட்டும் காப்பது. மூன்றாவது, பெரிய கிளிகளைக் காட்டிலேயே விட்டுவிட்டு, எப்படியும் சாகப்போகும் குஞ்சை மட்டும் எடுப்பது.

முதல் வழியில், எந்த மரம் எப்போது பழுக்கும், புயல் வந்தால் எங்கே ஒதுங்குவது என்று கிளிகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தலைமுறையில் அறுந்துபோகும். கூண்டில் பிறந்த குஞ்சுக்கு அதைச் சொல்லித்தர யாரும் மிஞ்சமாட்டார்கள். இரண்டாவது வழி நீண்ட காலத்துக்கு அவசியம்தான், ஆனால் பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் வளர நூறாண்டுக்கு மேல் ஆகும். மூன்று பெட்டைகளுக்கு அவ்வளவு நாள் கிடையாது.

அதனால் மூன்றாவது வழி. அதன் கணக்கு எளியது. கூட்டில் ஒரு குஞ்சைப் பெற்றோரிடமே விட்டுவிட வேண்டும். அதை அவை நன்றாக வளர்க்கும், அடுத்த ஆண்டும் முட்டையிடும். மீதியைப் பொரித்த சில நாளில், மெலியத் தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும். காட்டுக்கு இதனால் ஒரு குஞ்சும் நட்டமில்லை, கூண்டுக்கு ஒரு குஞ்சு வரவு. முட்டை கூமுட்டையாகிப் போன ஜோடி இருந்தால், எடுத்த குஞ்சை அந்தக் கூட்டில் வைத்துவிடலாம். கிளி தன் குஞ்சா, பிறர் குஞ்சா என்று பார்ப்பதில்லை. வாயைத் திறந்தால் ஊட்டும்.

இதோடு பொந்துகளையும் சீர்செய்தார்கள். எலியும் குரங்கும் ஏறாதபடி மரத்தைச் சுற்றி வழுக்கும் பிளாஸ்டிக் தகடு கட்டினார்கள். எலிக்கு விஷம் வைத்தார்கள். நீர் ஒழுகும் பொந்துகளை அடைத்தார்கள். கூட்டின் அடியிலிருந்த மரத்தூளை மாற்றி, ஈயின் புழு வராமல் பூச்சிமருந்து தூவினார்கள். சிறு சிறு வேலைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழுக் கூட்டைக் காப்பாற்றியது.

கூண்டுக்குள்

எடுத்த குஞ்சைக் கையில் வளர்ப்பது கடினமான வேலை. சில நாள் வயதுக் கிளிக்குஞ்சுக்கு உடம்பில் தூவி கிடையாது, தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. சூடு குறைந்தால் உண்டது செரிக்காது; செரிக்காத உணவு கழுத்துப் பையில் புளித்தால் குஞ்சு போய்விடும். அதிகாலையிலிருந்து இரவு வரை சில மணி நேரத்துக்கு ஒரு முறை கூழ் ஊட்ட வேண்டும். தினமும் காலையில் முதல் உணவுக்கு முன் எடை பார்க்க வேண்டும். எடை ஒரு நாள் ஏறாவிட்டால் அது முதல் எச்சரிக்கை. இரண்டு நாள் ஏறாவிட்டால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நம் பச்சைக்கிளி உதவியது. அது தீவில் ஏராளம், உடலமைப்பும் நெருக்கம். முட்டை பொரிப்பதையும் குஞ்சு வளர்ப்பதையும் அதில் பழகினார்கள். எக்கோ குஞ்சுகளுக்கு வளர்ப்புப் பெற்றோராகவும் பச்சைக்கிளிகளை வைத்தார்கள். அரிய இனத்தில் கை வைக்கும் முன் அதன் எளிய உறவில் பழகிக்கொள்வது எங்கும் பின்பற்றத்தக்க முறை.

காப்பிடத்தில் ஜோடி சேர்ந்து முட்டையிட்டுக் குஞ்சு வளர்ந்த முதல் வெற்றி 1993-ல். அதற்கு அடுத்த ஆண்டு பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. திரும்பிப் போக ஒரு காடு சட்டப்படி உறுதியானது.

காட்டுக்கு அனுப்பியது

1997-ல் முதல் மூன்று கிளிகளை விட்டார்கள். காட்டுக்குள்ளேயே ஒரு கூண்டு கட்டி, கிளிகளை அதில் சில காலம் பழக்கி, பிறகு கதவைத் திறந்து, வெளியே போனவை திரும்பி வந்து சாப்பிட அதே இடத்தில் தீவனப் பெட்டியும் வைத்தார்கள். போகவும் வரவும் அவற்றின் விருப்பம்.

கையில் வளர்ந்த கிளிகள் ஆளைக் கண்டு ஒதுங்கவில்லை. தோளில் வந்து உட்கார்ந்தன. பார்க்க இனிமைதான், ஆனால் தரையில் இறங்கத் தயங்காத கிளிக்குக் கீரியும் காட்டுப் பூனையும் எமன். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாகிவிடும் என்ற கவலை எல்லாருக்கும் இருந்தது. கூண்டுக் கிளிகள் காட்டுக் கிளிகளோடு சேர்ந்து திரியத் தொடங்கிய பிறகுதான் கவலை குறைந்தது. எதைத் தின்பது, எதைக் கண்டு பறப்பது என்பதைக் காட்டுக் கிளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. பெரிய கிளிகளைக் காட்டிலேயே விட்டுவைத்த முடிவு இங்கே பலன் கொடுத்தது. சொல்லித்தர ஆள் இருந்தது.

யாரும் பெரிதாக எதிர்பாராத ஒன்றும் நடந்தது. காட்டுக் கிளிகளுக்குக் கூடுதல் தீவனம் கொடுக்க அதுவரை பாடுபட்டும், அவை பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்தன. கூண்டில் வளர்ந்தவற்றுக்குத் தீவனப் பெட்டி பழக்கம். அவை போய்த் தின்றதைப் பார்த்துக் காட்டுக் கிளிகளும் வந்தன. மரப்பெட்டிக் கூடு விஷயத்திலும் இதே கதை. பொந்து மட்டுமே தெரிந்த பறவைகள் பெட்டியைச் சீந்தவில்லை. கூண்டுக் கிளிகள் அதில் கூடு வைத்த பிறகு வழக்கம் பரவியது. பாடம் இரண்டு பக்கமும் போனது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தீவனம் கிடைத்ததும் குஞ்சுகள் பட்டினியில் சாவது குறைந்தது. பெட்டிக் கூடு வந்ததும், முதிய மரம் இல்லாத இடத்திலும் முட்டையிட முடிந்தது. எலியும் குரங்கும் ஏற முடியாதபடி பெட்டியைச் செய்யவும் முடிந்தது. 1997 முதல் 2005 வரை மொத்தம் 139 கிளிகள் விடப்பட்டன.

நோய்

கிளிகளுக்கு வரும் அலகு-இறகு நோய் ஒரு நுண்ணிய வைரஸால் வருவது. இறகு கொட்டும், புதிதாக முளைப்பது திருகியும் உடைந்தும் முளைக்கும், சில பறவைகளில் அலகும் சிதையும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்து, வேறு ஏதாவது தொற்றில் பறவை சாகும். இளம் பறவைகளைத்தான் கடுமையாகத் தாக்கும். மருந்து கிடையாது. இறகுத் தூளிலும் எச்சத்திலும் வைரஸ் வெளிவரும், பெற்றோர் ஊட்டும் இரையோடு குஞ்சுக்குப் போகும். உடலுக்கு வெளியே நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஒரு பொந்தில் இந்தப் பருவம் இருந்த வைரஸ் அடுத்த பருவம் அங்கே பொரிக்கும் குஞ்சைப் பிடிக்கும்.

2004-05-ல் எக்கோ கிளிகளிடையே இது கொள்ளைநோயாகப் பரவியது. தீவின் பச்சைக்கிளிகளிலும் இதே நோயின் வைரஸ் கண்டறியப்பட்டது.

குழுவின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். இருபது ஆண்டு உழைப்பில் எட்டு பன்னிரண்டு என்றிருந்தது நூற்றுக்கணக்காகியிருக்கிறது. அதை உயர்த்திய ஒவ்வொரு வழிமுறையும், இந்த வைரஸின் கண்ணோடு பார்த்தால், பரவ ஒரு பாதை. ஒரு கூட்டுக் குஞ்சை இன்னொரு கூட்டில் வைப்பது, பல கூடுகளின் குஞ்சுகளை ஒரே அறையில் வளர்ப்பது, கூண்டிலிருந்து காட்டுக்குப் பறவையை விடுவது, ஒரே பெட்டியில் பல கிளிகள் அலகு வைத்துத் தின்பது, ஒரு மரத்திலிருந்து இறங்கி அதே கையுறையோடு அடுத்த மரத்தில் ஏறுவது. எல்லாமே.

நிறுத்தும் முடிவு

2005-ல் விடுவதை நிறுத்தினார்கள். குஞ்சு எடுப்பதையும் கூடு மாற்றுவதையும் நிறுத்தினார்கள். காட்டிலுள்ள கிளிகளுக்குத் தீவனமும் கூட்டுப் பெட்டியும் மட்டும் தொடர்ந்தன. கூடுகளைப் பார்ப்பது தேவைக்கு மட்டும் என்று குறைந்தது. மரத்துக்கு மரம் கருவிகளையும் கைகளையும் கிருமிநீக்கம் செய்வது, குஞ்சுகளின் இரத்தத்தில் வைரஸைத் தேடிப் பதிவுசெய்வது ஆகியவை வழக்கமாயின.

இந்த முடிவைத் துணிச்சலான முடிவு என்று சொல்வேன். பலன் தந்துகொண்டிருக்கும் முறையை நிறுத்துவது, பலன் தராத முறையை நிறுத்துவதைவிடக் கஷ்டம். நிறுத்தினால் எண்ணிக்கை விழலாம் என்ற பயம் நியாயமானது. ஆனால் காரணமும் தெளிவாக இருந்தது. அதற்குள் காட்டில் தாமே இணை சேர்ந்து, தாமே குஞ்சு பொரிக்கும் ஜோடிகள் போதுமான அளவு இருந்தன. கையில் வளர்த்த இன்னொரு பத்துக் குஞ்சால் வரும் லாபத்தைவிட, அவற்றோடு நோய் போகும் ஆபத்து பெரிது. மூன்று பெட்டைகள் இருந்தபோது கணக்கு நேர்மாறாக இருந்தது. அப்போது ஒரு குஞ்சின் மதிப்பு எந்த ஆபத்தையும்விட அதிகம்.

பிறகு நடந்தவை

எண்ணிக்கை விழவில்லை. நோய் தொடர்ந்து இருந்தும், சில பருவங்களில் குஞ்சுகள் இறந்தும், மொத்தத்தில் கிளிகள் பெருகின. 2007-ல் எக்கோ கிளி, அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற நிலையிலிருந்து ஒரு படி மேலே, அருகிவரும் இனங்களின் வரிசைக்கு மாற்றப்பட்டது. 2015 தொடங்கி, தீவின் கிழக்கே ஃபெர்னி பள்ளத்தாக்கில் புதிய கூட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். அதுவரை எல்லாக் கிளிகளும் தென்மேற்கு மூலையிலேயே இருந்தன. 2019-ல் காட்டில் 750-க்கு மேல் என்ற கணக்கோடு இன்னும் ஒரு படி மேலே, அழிவாய்ப்பு உள்ள இனமாக மதிப்பிடப்பட்டது.

இந்தக் கிளிகள் முழுக்கத் தம் காலில் நிற்பவை என்று சொல்ல முடியாது. பெட்டிக் கூடும் தீவனமும் இன்றும் தேவைப்படுகின்றன. காடு பழைய காடாக இல்லை. சீனக் கொய்யாவை வெட்டி வேலி போட்ட பகுதிகளில் பூர்விகக் கன்றுகள் எழுகின்றன. அவை பொந்து விழும் மரமாக நம் பேரப்பிள்ளைகள் காலம் ஆகும்.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

முதலில் நோய்ப் பரிசோதனை. பறவைகள் பத்தாக இருக்கும்போது எல்லாருக்கும் இரத்தம் பார்ப்பது ஒரு வார வேலை. ஐந்நூறாக ஆன பிறகு அது தனித் திட்டம். ஆபத்தான வைரஸ்களுக்கான பரிசோதனை, முதல் குஞ்சை எடுக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். எடுத்த இரத்தத்தில் ஒரு துளியைக் குளிர்பெட்டியில் சேமித்து வைத்தால், நாளை வேறொரு நோய் வரும்போது அது எப்போது நுழைந்தது என்று பின்னோக்கிப் பார்க்கலாம்.

அடுத்தது இடப்பிரிவு. நெருங்கிய உறவான வேறு கிளிகளையும் அரிய கிளியின் குஞ்சுகளையும் ஒரே வளாகத்தில், ஒரே ஆட்களின் கையில் வைப்பதை நான் இன்று பரிந்துரைக்க மாட்டேன். எளிய இனத்தில் பழகுவது நல்லது என்று மேலே எழுதினேன். அதை இன்னும் நம்புகிறேன். ஆனால் அது வேறு கட்டடத்தில், வேறு கருவிகளோடு, முடிந்தால் வேறு ஆட்களோடு நடக்க வேண்டும். பணம் குறைவான திட்டங்களில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது தெரியும். அப்படிச் செய்ய முடியாவிட்டால், குறைந்தது நாளின் வேலை வரிசையையாவது மாற்றலாம். காலையில் முதலில் அரிய கிளிக்குஞ்சு, கடைசியில்தான் மற்றவை.

இரண்டாவது கூட்டத்தை இன்னும் முன்னால் தொடங்கியிருக்கலாம். 1975 புயலைக் கண்ட தீவு அது. எல்லாப் பறவைகளும் ஒரே மூலையில் இருந்த ஆண்டுகளில் அப்படி ஒரு புயல் நேரே வந்திருந்தால், கூண்டில் இருந்தவை மட்டுமே மிஞ்சியிருக்கும். எண்ணிக்கை நூறைத் தாண்டியவுடன் கிழக்கே ஒரு சிறு கூட்டத்தை வைத்திருந்தால், நோய் வந்தபோதும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

தீவனப் பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. அதை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். குஞ்சுகளைப் பட்டினியிலிருந்து காத்தது அது. ஒரே இடத்தில் பெரிய பெட்டி ஒன்று வைப்பதற்குப் பதில், தள்ளித் தள்ளிச் சிறியவை பல வைத்து, கழுவுவதை நாள் குறித்துச் செய்ய வேண்டும். யார் எந்தப் பெட்டிக்கு வருகிறது என்று கால் வளையத்தை வைத்துப் பதிவுசெய்தால், நோய் தெரிந்த பறவை எந்தப் பெட்டியில் யாரோடு தின்றது என்பதும் தெரியும்.

குஞ்சு எடுத்து வளர்த்த முறையை மட்டும் மாற்ற மாட்டேன். பொந்தில் மெலிந்து சாகவிருந்த மூன்றாவது குஞ்சு, கையில் கூழ் குடித்து வளர்ந்து, பெட்டிக் கூட்டில் முட்டையிட்டு, அதன் குஞ்சுகளும் பேரக்குஞ்சுகளும் இன்று அந்தக் காட்டில் பறக்கின்றன.